எரியுதா என்று மூன்று முறை கேட்டேன்

தன்னார்வலர்கள் வந்து இறங்கியதும் சைட்டில் முதலில் சேருவது செருப்புக் குவியல்தான். பெங்களூர், சென்னை, கோயமுத்தூர் என்று எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் விலை உயர்ந்த ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மண் குழியில் காலை வைத்ததும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்துவார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டால் எப்பேர்ப்பட்ட மேஸ்திரிக்கும் மனசு இளகிவிடும். எனக்கும் இளகியிருக்கிறது. இளகின மனசோடு நான் எடுத்த ஒரு முடிவைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன்.

மண் கட்டட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், ஓய்வாக உட்கார்ந்திருக்கிற மனுஷன் என்று என்னிடம் அனுபவத்தைக் கேட்டீர்கள். மண்ணுக்கு எவ்வளவு மணல், சுண்ணாம்பு எத்தனை நாள் ஊற வேண்டும் என்பதெல்லாம் சைட்டில் நின்றால் தானாகக் கைக்கு வந்துவிடும். அதைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். சுவர் சரிந்த கதை ஊரில் எல்லோரிடமும் இருக்கிறது. நான் சொல்லப் போவதில் சுவர் நன்றாகவே நின்றது, இன்றைக்கும் நிற்கிறது.

நான் தருமபுரிக்காரன். முப்பது வருஷம் சிமெண்டிலேயே கிடந்தவன். வேலை செய்த காலத்தின் கடைசிப் பகுதியில்தான் மண்ணுக்கு வந்தேன். வந்த வேகத்தில், நேற்றுக் கட்சி மாறினவன் பழைய கட்சியைத் திட்டுகிற மாதிரி, சிமெண்டைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். மண் சுவாசிக்கும், சுண்ணாம்பு சுவாசிக்கும், இயற்கையில் கெடுதலே கிடையாது என்று தன்னார்வலர்களை உட்கார வைத்து வகுப்பு எடுப்பேன். சாயங்காலம் டீ குடிக்கும்போது இன்னொரு பாட்டும் உண்டு. மலை ஜனங்களுக்கு சுகர் வராது, சாமைச் சோறு சாப்பிட்டு மேடும் பள்ளமும் நடக்கிற உடம்பு என்பேன். சொல்லிக்கொண்டே என் சட்டைப் பையிலிருந்து சுகர் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். டவுன்காரன் வியாதி அது, எனக்கு வந்ததில் நியாயம் இருக்கிறது என்று நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இது நடந்தது சித்தேரி மலையில். அங்கே பெண்கள் சங்கத்துக்கு ஒரு மண் கட்டடம்; மேட்டைச் சமன் செய்து அஸ்திவாரம் போட்டு என்று ஏழு மாதமாக வேலை நடந்துகொண்டிருந்தது. சாமையை உமி நீக்கித் தரும் மெஷின் ஒன்று அதில் வைப்பதாக இருந்தது. அதுவரை அந்தப் பெண்கள் சாமை மூட்டையை மலை பஸ்ஸில் ஏற்றி, கீழே அரூருக்குக் கொண்டுபோய் அரைத்து வந்தார்கள். மெஷினை ஓட்டுவதற்கு மாதம்மா என்பவரைச் சங்கத்தில் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஓடைக்கு அந்தப் பக்கம் மேட்டில் வீடு, அதற்கும் மேலே காடு. அவருக்கு அந்தக் கட்டடத்தின் மேல் அப்படி ஒரு ஆசை. நாள் தவறாமல் வேலைக்கு வருவார். மெஷின் எந்த மூலையில் நிற்கும், தான் எங்கே நின்று கொட்ட வேண்டும் என்று வெறும் தரையில் நின்று பார்த்துக்கொள்வார்.

மண் மிதிப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. தன்னார்வலர்கள் நாலு பேர் திணறுகிற குழியை அவர் ஒருத்தரே பதமாக்கிவிடுவார். ஒருநாள் காலையில் ஒற்றைச் செருப்போடு வந்து நின்றார். இன்னொன்று எங்கே என்று கேட்டபோதுதான் குனிந்து காலைப் பார்த்தார். வழியில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. திரும்பிப் போய் ஓடைக்குப் பக்கத்திலிருந்து எடுத்து வந்தார். மெஷின் நினைப்பிலேயே நடந்தால் இப்படித்தான் என்று நான் கிண்டல் செய்தேன். அவரும் சிரித்தார். காலிலிருந்து செருப்பு கழன்றது தெரியாமல் ஒருத்தர் அரை மைல் நடந்து வருகிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். தன்னார்வலர்கள் வந்து ஏழாவது நாள். மறுநாள் காலை பஸ்ஸில் அவர்கள் கிளம்ப வேண்டும். சுவர் மூன்று பக்கம் இடுப்புக்கு மேல் எழும்பியிருந்தது. மேட்டுப் பக்கம் மட்டும் சாமான் கொண்டுவருவதற்காகத் திறந்து விட்டிருந்தோம். மத்தியானச் சாப்பாடு முடிந்து எழுந்தபோது மலைக்குப் பின்னால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை இறங்கினால் சரிவில் வருகிற தண்ணீர் அந்தத் திறப்பு வழியாக உள்ளே புகுந்து மற்ற மூன்று சுவர்களின் அடியையும் ஊற வைத்துவிடும். ஏழு நாள் உழைப்பு உட்கார்ந்துவிடும். திறப்பில் சுண்ணாம்பு கலந்த மண்ணால் அடி வரிசை போட்டுத் தார்ப்பாய் மூடிவிட்டால் தப்பிக்கலாம்.

எங்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு: குழியிலிருந்து காலை எடுத்த பிறகுதான் சுண்ணாம்பு. வெறும் மண்ணைக் காலால் மிதித்துப் பதமாக்கிக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு, அதன்பின் சுண்ணாம்பைத் தூவி, ரப்பர் பூட்ஸ் போட்டவர்கள் மம்மட்டியால் புரட்ட வேண்டும். சுண்ணாம்பு தோலைத் தின்றுவிடும் என்பது வெற்றிலை போடுகிறவர்களுக்குக்கூடத் தெரியும். அன்றைக்கு சைட்டில் இருந்த பூட்ஸ் மூன்று ஜோடி. அதில் ஒன்று கிழிசல். மூன்று பேர் புரட்டி முடிப்பதற்குள் மழை வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். குழியில் ஏற்கெனவே பதினைந்து பேர் மிதித்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பைக் குழியிலேயே கொட்டுங்கள் என்று சொன்னேன்.

சொன்னது நான்தான், யாரும் என்னை நெருக்கவில்லை. மழைக்குப் பயந்தேன் என்று இத்தனை நாளும் சொல்லிவந்தேன். கிளம்புகிற பிள்ளைகளுக்கு முடிந்த சுவரைக் காட்டி அனுப்ப வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இப்போது உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

மனசாட்சிக்கு ஒரு ஏற்பாடும் செய்துகொண்டேன். எல்லோருக்கும் கேட்கும்படி, கால் எரிந்தால் உடனே இறங்கித் தண்ணீர் டிரம்மில் கழுவிக்கொள்ளுங்கள், வெட்கப்பட வேண்டாம் என்று சத்தமாகச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் முதல் ஆள் இறங்கினார். கால் மணி நேரத்தில் பாதிப் பேர் டிரம்மைச் சுற்றி நின்றுகொண்டு காலைத் தேய்த்தார்கள். கூட மிதித்த மற்ற உள்ளூர்ப் பெண்கள் இரண்டு பேரும் இறங்கிவிட்டார்கள். கடைசியில் குழியில் நின்றது மாதம்மா மட்டும்.

"மாதம்மா, எரியுதா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க பாய். குளுகுளுன்னுதான் இருக்குதுங்க."

சிறிது நேரம் கழித்து மறுபடி கேட்டேன். இல்லை என்றார். மூன்றாவது தடவை கேட்டபோது, எத்தனை வாட்டிதான் கேட்பீங்க என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டு இன்னும் வேகமாக மிதித்தார். அப்போது தன்னார்வலர்கள் பக்கம் திரும்பி நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பார்த்துக்கங்க. மலைக்காலுன்னா இதாங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண் போனில் வீடியோ எடுத்தாள். மாதம்மாவுக்கு ஒரே கூச்சம். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். ஊர்ப்பட்ட பேர் சுற்றி நின்று தன் காலுக்குக் கை தட்டுவது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். அதன்பிறகு எரிந்திருந்தாலும் இறங்கியிருப்பாரா என்பது சந்தேகம்தான். அவருக்கோ எரியவே இல்லை.

இதற்கு நடுவில் சாயங்கால அஸர் தொழுகைக்கு நேரம் ஆகிவிட்டது. நான் அதே டிரம்மிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஒதுங்கி உட்கார்ந்தேன். தொழுகைக்கு முன்பு கை கால் கழுவுவது எங்களுக்குக் கடமை, விரல் இடுக்கெல்லாம் நனைய வேண்டும். எனக்கு சுகர் இருப்பதால் டாக்டர் சொன்னபடி கழுவும்போதே பாதத்தைத் திருப்பி, வெடிப்பு உண்டா, சிவப்பு உண்டா என்று பார்க்கிற பழக்கமும் உண்டு. அன்றைக்கும் பொறுமையாகப் பார்த்தேன், என் காலை. பத்தடி தள்ளி மாதம்மா சுண்ணாம்பு மண்ணை மிதித்துக்கொண்டிருந்தார்.

அடி வரிசை போட்டு முடித்துத் தார்ப்பாயை இழுத்துக் கட்டியபோது மழை இறங்கியது. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. பிள்ளைகள் மழையிலேயே ஆடினார்கள். மாதம்மா அந்த மழையில் சேறு காய்ந்த காலோடு ஓடையைத் தாண்டி வீட்டுக்குப் போனார். அவர் குழியில் நின்றது ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்.

மறுநாள் தன்னார்வலர்களை வழியனுப்பும்போது அவர் வரவில்லை. மழைச் சளியாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவர் வீட்டுக்காரர் தீர்த்தகிரி வந்து, தயங்கித் தயங்கி, ஜீப் கீழே போகுதுங்களா என்று கேட்டார். என்ன விஷயம் என்றதற்கு, "காலு வீங்கிக் கெடக்குதுங்க. நாத்தமடிக்குது" என்றார்.

நான் ஓடைக்கு அந்தப் பக்கம் போனது அதுதான் முதல் தடவை. ஏழு மாதமாக அந்த அம்மாவின் வீடு எந்தப் பக்கம் என்று கைகாட்டத் தெரியும், அவ்வளவுதான். என்னைக் கண்டதும் மாதம்மா சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். பார்க்க வேண்டும் என்றேன். வலது கால் விரல்களுக்கு நடுவே தோல் வழன்று, உள்ளே கறுத்துக் கிடந்தது. குதிகால் வெடிப்பில் சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். தப்புச் செய்தவனுக்குத்தானே முதலில் கோபம் வரும்.

"வலி இல்லீங்களே பாய்" என்றார். "வலிச்சா சொல்லியிருக்க மாட்டனுங்களா?"

அன்றே அரூர், அங்கிருந்து தருமபுரி பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் நடுவயதுக்காரர், அதிகம் பேசாதவர். மாதம்மாவைக் கண்ணை மூடச் சொன்னார். நான் எங்கே தொடுகிறேன் என்று சொல்லுங்கம்மா என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்த பேனாவின் மூடியால் பெருவிரலைத் தொட்டார். நடுப்பாதத்தில் அழுத்தினார். சுண்டுவிரலில் அழுத்தினார். குதிகாலில் அழுத்தினார். மாதம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளை மாதிரி காத்திருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துச் சொன்னார்:

"இன்னும் தொடலீங்களே சார்."

தீர்த்தகிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சர்க்கரை எத்தனையோ வருஷமாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். கால் மரத்துப் போனதும் அதனால்தான். மலையில் எப்போதோ நடந்த முகாமில் சொல்லி மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். தீர்ந்ததும் விட்டுவிட்டார், நமக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று. நான் முட்டாள்தனமாக, சாமை சாப்பிடுகிறவர்களுக்கு எப்படி சார் என்று வாயைத் திறந்தேன். டாக்டருக்கு முன்னால் மாதம்மாவே பதில் சொன்னார்: "சாமைய விக்கறமுங்க பாய். வூட்டுல ரேஷன் அரிசிதானுங்க." ஏழு மாதம் அவர்கள் மலையில் வேலை செய்திருக்கிறேன். அந்த வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்காமல், பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு அவர்கள் சாப்பாட்டைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

வெளியே வராந்தாவில் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். மூன்று தடவை எரியுதா என்று கேட்டேன் சார் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். அவர் சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்:

"கேட்டீங்க, சரி. காலைப் பார்த்தீங்களா?"

முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். பத்து நாளில் மீதி விரல்களையும் பாதத்தின் முன்பாதியையும் எடுத்தார்கள். இடது கால் தழும்போடு தப்பித்தது. கட்டடம் கூரை போட்டு, மெஷின் வந்து, திறப்பு விழாவும் நடந்தது. மெஷினை வேறொரு பெண் ஓட்டுகிறார். நாள் முழுக்க நின்று செய்கிற வேலை அது. மாதம்மாவுக்கு ஓடையைத் தாண்டி வருவதற்கே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு அவர் வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்களை வேலைக்கு வைத்திருந்த குழுவுக்கு நான் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. "வெகு நாளாக இருந்த சர்க்கரை நோயினால் காலில் புண் ஏற்பட்டு சிகிச்சை பெற்று வருகிறார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்படி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எழுதினதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது, அதுதான் அதன் கேவலம். இரண்டு வாரம் தூக்கம் சரியில்லாமல் கிடந்தேன். அந்தச் சமயத்தில் வீடியோ எடுத்த பெண் அதை எனக்கு அனுப்பி, அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தாள். போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், "நானும்தானே கை தட்டினேன், அங்கிள்" என்றாள். இருபத்திரண்டு வயதுப் பெண் ஒரு நிமிஷத்தில் ஒத்துக்கொண்டதை நான் இரண்டு வாரமாக ஒத்துக்கொள்ளாமல் இருந்திருக்கிறேன். அன்றைக்கே சுண்ணாம்பையும் குழியையும் என் பேரையும் போட்டு இன்னொரு அறிக்கை எழுதி அனுப்பினேன்.

நீங்கள் செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. குழியில் இறங்குகிற எல்லோரையும், ஊர்க்காரரோ வெளியூர்க்காரரோ, காலையில் வரிசையாக உட்கார வையுங்கள். பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி விரலால் தொட்டு, எங்கே தொட்டேன் என்று கேளுங்கள். நான் அதன்பிறகு வேலை பார்த்த சைட்டுகளில் எல்லாம் இதைச் செய்தேன். நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு சைட்டில், பாய் இப்போ கால் ஜோசியம் பார்க்கறாருங்க என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். அங்கே இரண்டு பேரைக் குழிக்கு வெளியே வேறு வேலைக்கு அனுப்பினேன். சுண்ணாம்பு விஷயத்தில் மழை வந்தாலும் சரி, மலையே வந்தாலும் சரி, காலை எடுத்த பிறகுதான். முக்கியமாக, ஒருத்தர் எரியவில்லை என்று சொன்னால் அது நல்ல சேதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எரிகிறவர் தானே இறங்கிவிடுவார், அவருக்கு நீங்கள் தேவையில்லை.

போன மாதம் சித்தேரிக்குப் போயிருந்தேன். வருஷத்துக்கு மூன்று நாலு தடவை போவேன். மாதம்மா வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். என்னை அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அன்றைக்கு, "பாய், அந்தப் பொண்ணு எடுத்த வீடியோ இன்னும் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அதைப் பற்றி அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. இருக்கிறது என்றேன். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு ஓடவிட்டுக் கொடுத்தேன்.

"சத்தம் வைங்க பாய்."

வைத்தேன். சேறு சளப்சளப் என்றது. நடுவில் என் குரல், நான் நினைத்துக்கொண்டிருந்ததைவிடப் பெருமையாக: "மலைக்காலுன்னா இதாங்க." கைதட்டல். மாதம்மா சிரித்தார், அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. "ரெண்டு காலும் இருந்தப்ப எடுத்தது எங்கிட்ட வேற இல்லீங்க பாய்" என்றார். பிறகு போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஏறி இறங்குகிற காலை விரலால் தொட்டார். விரல் பட்டதும் படம் நின்றுவிட்டது. வலது கால் பாதி தூக்கின மேனிக்கு, ஐந்து விரலும் சேற்றில் தெரிய நின்றிருந்தது.

"நின்னுட்டுதுங்க பாய்" என்று போனை என்னிடம் நீட்டினார்.

வாங்கி, முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டு, சத்தத்தோடு அவர் கையில் கொடுத்தேன்.